கடைசியாக நன்றாக இருந்த நேரம்

படிவத்தில் முதல் கட்டம் அதுதான்.
சௌந்தரியம்மா பேனாவைப் பிடித்தபடி
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்,
அதற்குத் தெரிந்திருக்கும் என்பதுபோல.

"பதினொன்றரைக்குப் படுத்தாரு.
நாலே முக்காலுக்கு எழுப்புனேன்,
வலது கை கூட வரல.
பேரு கேட்டா வாய் மட்டும் அசையுது."

நடுவில் ஐந்தேகால் மணி நேரம்.
அதில் எங்கோ ஒரு குழாய் அடைத்திருக்கிறது.
வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை,
அவர் உட்பட.

உறைந்ததைக் கரைக்கும் மருந்துக்கு
நாலரை மணி நேரம்தான் கெடு.
படுத்ததிலிருந்து எண்ணினால்
அது எப்போதோ கடந்துவிட்டது.
சி.டி. பார்த்தாயிற்று, இரத்தக் கசிவு இல்லை.
அதற்குமேல் அது வாய் திறக்கவில்லை.
அதனால் என்னிடம் அனுப்பினார்கள்,
விடியாத பினாங்கில்
ஆட்கள் குறைவான அடித்தளத்துக்கு.

பெயர் சிங்காரவேலு. வயது ஐம்பத்தெட்டு.
தொழில்: ஜெலுத்தோங்கில் கிரில் பட்டறை.
என் பேனா அங்கே நின்றது.

"கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள்?"
"ஒரு தடவை. கிளினிக்ல எடுத்தாங்க."
"முழுசாவா?"
அவர் என்னைப் பார்த்தார்.
முழுசாவா என்று
அன்றைக்கு யார் கேட்டார்கள்?

விளக்கை அணைத்துவிட்டு
நான் வீட்டுக்குப் போன பிறகும்
என் அறையில் காந்தம் விழித்தே இருக்கும்.
கண்ணுக்குள் மறந்த ஒரு துணுக்கை
அது மறக்காது.
ஆகவே முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே.
ஏழு நிமிடம்.
அந்த ஏழை நான் யாரிடமிருந்து எடுத்தேன்
என்று எனக்குத் தெரியும்.

முப்பது வருடம் தீப்பொறிக்கு முன்னால் இருந்த கண்கள்.
சுத்தம்.

ரஸிஃப் கத்தரியால் அரைஞாணை வெட்டினான்.
செப்புத் தாயத்து ஓர் உறைக்குள் போனது,
உறை என் சட்டைப் பைக்குள்.

உள்ளே போனதும் இயந்திரம் தட்டத் தொடங்கியது.
டக் டக் டக், பிறகு ஒரு நீண்ட ரம்பம்.
முதல் படம் கலங்கி வந்தது.
கண்ணாடி வழியே பார்த்தேன்:
இடது கால் தாளம் போடுகிறது.
எங்கே இருப்பதாக நினைத்தாரோ,
பட்டறையில் பையன்கள்
கம்பியை வளைப்பதாக இருக்கலாம்.
ஒலிபெருக்கியில் சொன்னேன்,
"அண்ணே, பட்டறைக்கு இன்னிக்கு லீவு.
கால ஆட்டாதீங்க."
கால் நின்றது.
காது வேலை செய்கிறது என்று
ஓரமாக எழுதி வைத்தேன்.

மறுபடியும் எடுத்தேன்.
ஒரு படத்தில், இடது மூளையில்
கண் கூசும் வெள்ளை,
வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்த்தது மாதிரி.
அடுத்த வகைப் படத்தில் அதே இடம்
அக்கம்பக்கம் போலவே
அமைதியான சாம்பல்.
காயம் இருக்கிறது,
காயத்தின் கறை இன்னும் ஊறவில்லை.
கறை ஊறச் சில மணி நேரம் பிடிக்கும்.

டாக்டர் சுஹைலா இரண்டையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.
நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை.
"போலே," என்றார்.
மருந்து ஏறியபோது
மணி ஆறுக்குப் பத்து.
மசூதியில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கை திரும்புமா என்று
அந்தப் படத்தில் எழுதியிருக்காது.
வெளியே வந்து சௌந்தரியம்மாவிடம் சொன்னேன்:
"ரொம்ப நேரம் ஆகலைன்னு படம் சொல்லுது.
ஒரு மணிக்கு அப்புறமா இருக்கும்."
நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் வேறு கணக்குப் போட்டார்.
"ரெண்டு மணிக்கு எழுந்து ஃபேனக் குறைச்சேன்.
போர்வைய இழுத்து விட்டேன்.
அப்ப ஆரம்பிச்சிருச்சா?"

டாக்டர் கேட்டதும் இதே கேள்விதான்,
ஆனால் இவருடையதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.
"தெரியலம்மா" என்றேன்.

உறையைக் கொடுத்தேன்.
பிரித்து, கயிற்றின் இரண்டு முனைகளையும்
விரலில் சுற்றிப் பார்த்தார்.

"வெட்டிட்டீங்களா?
அது இழுத்தா அவிழ்ற முடிச்சுதாம்மா."